ஆளா, மலையா? அவுட்டோர் போட்டோவுக்கு எந்த லென்ஸ், எவ்வளவு தூரம்

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் என்று ஓர் ஊர். ஆனி, ஆடியில் அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளாவில் இருந்தெல்லாம் வண்டி பிடித்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். முன்னால் மஞ்சள் பூ, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலை மேல் சாரல் மேகம். அங்கே ஒரு புதுமணத் தம்பதியைக் காலை முழுக்க எடுத்தேன். 85 எம்எம் லென்ஸ் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கிற பரப்பு குறுகும், ஆள் பெரிதாகத் தெரிவார்), அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 1.8 (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது, பின்னணி மங்கும்), பெரும்பாலும் இடுப்புக்கு மேலே. கேமராத் திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்த மாப்பிள்ளையின் அம்மா பாதியில் நிறுத்தி, "பிள்ளைங்க ரெண்டு பேரும் அழகா இருக்காங்க தம்பி. மலை எங்க?" என்று கேட்டார்.

மலை இல்லை. நீலமும் பச்சையும் கலந்த ஒரு கறைதான் இருந்தது. பூக்கள் மஞ்சள் உருண்டைகளாக இருந்தன. விடியற்காலையில் எழுந்து, பட்டு உடுத்தி, பூ வைத்து, அத்தனை பேரும் கிளம்பி வந்ததே அந்த மலைக்காகத்தான். அதைப் படத்தில் இல்லாமல் செய்துவிட்டேன் என்பது அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து எங்கே அவுட்டோர் போனாலும், ஒரே ஆளை, ஒரே இடத்தில் நிற்க வைத்து, பல லென்ஸில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். லென்ஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இருக்கிற லென்ஸிலோ போனிலோ எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் முன்னால் இருக்கிற வழிகள் மூன்று. 24 அல்லது 35 எம்எம் போட்டு ஆளுக்குப் பக்கத்தில் போய் எடுப்பது ஒன்று. 85 எம்எம் போட்டு, பின்னணியை மங்கலாக்கி, ஆளை மட்டும் தூக்கிக் காட்டுவது இன்னொன்று. 70-200 எம்எம் போன்ற, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிற டெலி லென்ஸைப் போட்டுக்கொண்டு தூரமாகப் பின்னால் போய் எடுப்பது மூன்றாவது. முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: மலை, கடல், கோபுரம் மாதிரி பின்னணி தொலைவில் இருந்தால் மூன்றாவது வழிதான் சரி. பின்னணி பக்கத்தில் இருந்தால் முதல் வழி. இரண்டாவது வழியை நான் விட்டுவிடவில்லை, ஆனால் இடம் தெரிய வேண்டிய படத்துக்கு அதைக் கடைசியாகத்தான் எடுப்பேன்.

ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆள் உயரம் 1.7 மீட்டர். ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஆள் தலை முதல் கால் வரை சட்டகத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24 எம்எம் லென்ஸ் என்றால் 1.7 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 35 என்றால் இரண்டரை மீட்டர், 85 என்றால் 6 மீட்டர், 200 என்றால் 14 மீட்டர். நான்கு படத்திலும் ஆள் ஒரே அளவுதான். இப்போது மலைக்கு வருவோம். 10 கிலோமீட்டர் தள்ளி, 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். நாலு படத்துக்கும் கேமரா நெஞ்சு உயரத்தில், தரையில் இருந்து 1.3 மீட்டரில் இருக்கட்டும். 24 எம்எம் படத்தில் மலை முகடு ஆளின் கழுத்து வரைதான் வரும். அடிவாரமே நெஞ்சு உயரத்தில் ஆரம்பிப்பதால் மொத்த மலையும் ஒரு சாண் அளவு கோடு மாதிரி தோளுக்குப் பின்னால் கிடக்கும். 35 எம்எம்மில் முகடு சரியாக வாய்க்கு நேரே வந்து முகத்தை வெட்டும், இருப்பதிலேயே மோசம் இதுதான். 85இல் தலைக்கு மேலே ஒரு சாண் தாண்டி நிற்கும். 200இல் தலைக்கு மேலே இன்னும் ஒரு மீட்டர் எழும்பி, ஆளுக்குப் பின்னால் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். நேரில் நின்று பார்க்கும்போது "அடேயப்பா" என்று தோன்றுகிற மலை, போட்டோவில் சின்னதாகப் போய்விட்டதே என்று எத்தனையோ பேர் வருத்தப்பட்டுக் கேட்டிருப்பேன். காரணம் முழுக்க இந்த 1.7 மீட்டருக்கும் 14 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

டெலி லென்ஸ் மலையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வரும் என்று சொல்வார்கள். லென்ஸ் எதையும் இழுப்பதில்லை. 14 மீட்டர் தள்ளிப் போய்விட்டு 24 எம்எம்மிலேயே ஒரு படம் எடுத்து, அதை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள், ஆளுக்கும் மலைக்கும் உள்ள அளவு 200இல் வந்ததேதான் வரும், தரம் மட்டும் குறைந்திருக்கும். அதனால் முடிவெடுக்க வேண்டியது நிற்கிற இடத்தை. லென்ஸ் அதற்குப் பிறகு. ஆளைவிட மலை பெரிதாகத் தெரிய வேண்டுமா, பின்னால் நடங்கள். நடந்த பிறகு ஆளைச் சட்டகத்துக்குள் சரியாக அடக்குவதற்குத்தான் லென்ஸ்.

சரி, அப்படியானால் 35 எம்எம் எதற்கு? தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஆளை அந்தச் சுவருக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு 200 எம்எம்மோடு பின்னால் போனால் படத்தில் வருவது நாலு பவளக்கல்தான். அது தேவாலயமா, வீட்டு மதிலா என்றே தெரியாது. 35ஐப் போட்டுக்கொண்டு இரண்டு, மூன்று மீட்டரில் நின்றால் சுவரின் முழு வடிவமும், மேலே திறந்த வானமும், கீழே மணலும் வரும், ஆளும் நல்ல அளவில் இருப்பார். ஆலமரத்தடி, கோயில் பிரகாரம், பழைய வீட்டுத் திண்ணை, தேயிலைத் தோட்டத்துக்குள் போகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் இந்த வகைதான். இன்னொரு வசதியும் உண்டு. 35 எம்எம்மில் எஃப் 8 வைத்து 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டரை மீட்டரில் ஆரம்பித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும், எதை மங்கலாக்குவது என்ற கவலையே கிடையாது.

35இல் கவனிக்க வேண்டியவை இரண்டுதான். ஆளைச் சட்டகத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபடும், 24இல் இது இன்னும் அதிகம். அடுத்தது கேமரா உயரம். முகடு வாயை வெட்டுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு மருந்து முட்டி போட்டு உட்கார்வது. கேமராவை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் அதே 35 எம்எம்மில் முகடு நெஞ்சுக்கு இறங்கிவிடும், தலை வானத்தில் சுத்தமாக நிற்கும். ஐந்து விநாடி வேலை. ஆனால் நின்றபடியே கண் உயரத்தில் எடுத்து எடுத்துப் பழகியதால் நம்மில் பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

இப்போது 85. இந்த லென்ஸை நான் குறை சொல்ல வரவில்லை. முகத்தை மட்டும் எடுக்க, பின்னால் கரண்ட் கம்பமும் குப்பையும் இருக்கிற இடத்தில் எடுக்க, மணமேடையில் எடுக்க இதைவிட நல்லது இல்லை. பிரச்சினை லென்ஸில் இல்லை, எஃப் 1.8இல் இருக்கிறது. தலை முதல் கால் வரை எடுத்தால் எஃப் 1.8இல்கூட மலையின் வடிவம் ஓரளவு தெரியும். இடுப்புக்கு மேலே வந்தீர்கள் என்றால் பாதி போய்விடும், முகத்துக்கு நெருங்கினால் ஒன்றுமே மிஞ்சாது. நெருங்க நெருங்க மங்கல் கூடுகிறது, மலையின் அளவோ கூடுவதில்லை, அதனால் மங்கல் மலையைத் தின்றுவிடுகிறது. அன்று சுந்தரபாண்டியபுரத்தில் எனக்கு நடந்தது இதுதான். அன்றைக்கே எஃப் 8க்குப் போய், நாலு எட்டுப் பின்னால் நகர்ந்து, முழு உருவமாக எடுத்திருந்தால் அந்த அம்மா கேட்ட கேள்வி வந்திருக்காது. மங்கலின் அளவு கால்வாசிக்கும் கீழே குறைந்திருக்கும், மலை கொஞ்சம் மென்மையாக, ஆனால் மலையாகவே இருந்திருக்கும். ஆள் பளிச்சென்றும், மலை மலை என்று தெரிகிற அளவுக்கு மென்மையாகவும் இருப்பதுதான் எனக்குப் பிடித்த அளவு. ஊசிமுனைத் தெளிவில் எல்லாம் தெரிந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

டெலிக்கும் தொல்லைகள் உண்டு. 14 மீட்டர் தள்ளி நின்றால் "கொஞ்சம் முகத்தைத் திருப்புங்க" என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள ஜோடி என்றால் கத்தக் கத்த இறுகிப்போவார்கள். நான் போன் போட்டு அவர்கள் பையில் வைக்கச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே எடுப்பேன், சில நேரம் தூரமே நல்லதாகிவிடும், கேமராவை மறந்துவிட்டு அவர்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். இடையில் ஆள் நடப்பார்கள், ஆடு வரும். சாரல் காற்றில் முந்தானை பறந்துகொண்டே இருக்கும், ஷட்டர் வேகம் 1/400 விநாடியைவிட மெதுவானால் கை நடுக்கமும் சேலை அசைவும் சேர்ந்து தெரியும். அப்புறம் வெயில். பத்து மணிக்கு மேல் தரையில் இருந்து அனல் கிளம்ப ஆரம்பித்தால் 200 எம்எம்மில் ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் கொதிக்கிற மாதிரி இருக்கும், எடிட்டிங்கில் அதைச் சரி செய்யவே முடியாது. அதனால் டெலி என்பது அதிகாலைக்கான வழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லென்ஸைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். தென்காசி, கம்பம் பக்கமெல்லாம் மலை மேற்கில் இருக்கிறது. காலையில் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம். வெளிச்சம் ஆள் முகத்திலும் விழும், மலையிலும் விழும், பாறை மடிப்பும் மரமும் தெரியும், இரண்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடுகிற வெளிச்ச அளவு) போதும். சூரியகாந்தி முற்றிய பிறகு சூரியனோடு திரும்புவதை நிறுத்திவிட்டுக் கிழக்கையே பார்த்து நின்றுவிடும். கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்து எடுக்கிற நமக்கு எல்லாப் பூவும் முகத்தைக் காட்டும், ஆளும் பூவும் மலையும் ஒரே சட்டகத்தில் நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரி. ஒரே கஷ்டம், முகத்தில் நேர் வெயில் விழுவதால் கண்ணைச் சுருக்குவார்கள். சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் வெயில் மென்மையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

மாலையில் அதே இடம் வேறு இடமாகிவிடும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலையில் எந்த விவரமும் தெரியாது, அடுக்கடுக்காக நீல நிழல் மட்டும் தெரியும். தலைமுடி ஓரத்தில் பொன் கோடு விழும். மலையின் விவரம் வேண்டுமா, மாலையின் மனநிலை வேண்டுமா என்று கேட்டுத்தான் நேரம் சொல்கிறேன் இப்போதெல்லாம். மாலை என்றால் முகம் இருண்டுவிடும், வானம் வெளிறிவிடும், இரண்டையும் சமன் செய்ய ஏதாவது கையில் வேண்டும். சூரியன் இன்னும் தெரிகிறவரை ரிஃப்ளெக்டரோ தெர்மாகோல் அட்டையோ போதும், காற்றில் பிடிக்க ஓர் ஆள் இருந்தால். சூரியன் மறைந்துவிட்டால் அட்டையில் பட்டுத் திரும்ப வெளிச்சமே இருக்காது, ஃப்ளாஷ்தான். வெயில் இருக்கும்போதே ஃப்ளாஷ் போட்டால் ஒரு தொல்லை உண்டு: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/400 வந்துவிடும், பெரும்பாலான கேமராவில் ஃப்ளாஷ் சாதாரணமாக 1/200, 1/250 வரைதான் ஒத்துப்போகும். அதனால் எஃப் 11க்குப் போவது, இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போடுவது. மாலை மங்கிய பிறகு இந்தத் தொல்லை இல்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் என்றால் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கடல் கிழக்கில். காலையில் கரையில் இருந்து எடுத்தால் கோயில் நிழலுருவமாகத்தான் வரும், மாலையில்தான் கல்லில் வெளிச்சம் விழும்.

உடை நிறத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வயலுக்குப் பச்சைச் சேலை கட்டி வந்துவிட்டால் எந்த லென்ஸும் காப்பாற்றாது, ஆள் வயலுக்குள் கரைந்துவிடுவார். அரக்கு, மாம்பழ மஞ்சள், வெள்ளை வேட்டி எல்லாம் பச்சையில் எடுப்பாக நிற்கும், சூரியகாந்திக்குள் மஞ்சள் வேண்டாம். தலை எதன் மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். சாரல் காலத்து வெள்ளை வானத்தின் மேல் தலை வந்தால் கண் முகத்தை விட்டுவிட்டு வானத்துக்கே போகும். கருநீல மலையின் மேல் தலை வந்தால் முகம்தான் படத்திலேயே வெளிச்சமான இடம். டெலி எனக்குப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான், அதில் மலை எப்போதும் தலைக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறது.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது: ஆளைச் சின்னதாக, இடத்தைப் பெரிதாக எடுப்பது. வரப்பில் நடந்து போகிற இருவர், சட்டகத்தில் எட்டில் ஒரு பங்கு உயரம், மீதி முழுக்க வயலும் மலையும் மேகமும். இதை எடுக்கலாமா வேண்டாமா என்பது படம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதைப் பொறுத்தது. 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால் ஆள் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் உயரம் இருப்பார், முகம் அரை சென்டிமீட்டர், யாரென்று தெரியும், ஆல்பத்தில் எல்லாரும் நின்று பார்க்கிற பக்கம் அதுவாகவே இருக்கும். அதே படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் ஆள் அரை சென்டிமீட்டர்தான், முகம் ஒரு புள்ளி. பார்க்கிறவர்கள் நல்ல இயற்கைக் காட்சி என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஆல்பமா, போனா? போனுக்கு என்றால் செங்குத்தாக, ஆள் பெரிதாக, டெலியில். ஆல்பத்துக்கு என்றால் கிடைமட்டமாக, ஒன்றிரண்டு பக்கத்துக்காவது ஆளைச் சின்னதாக.

போனில் எடுப்பவர்களுக்கும் கணக்கு அதேதான். முதன்மைக் கேமரா 24 எம்எம்முக்குச் சமம், அதனால்தான் மலை சின்னதாகிறது. 3எக்ஸ் ஜூம் இருந்தால் அதைத் தொட்டுவிட்டு, ஆறேழு காலடி பின்னால் போங்கள், மலை கூடவே வரும். போர்ட்ரெய்ட் மோடில் போன் தானாகப் போடுகிற மங்கலைப் படம் எடுத்த பிறகும் பல போன்களில் குறைக்கலாம். பாதிக்கும் கீழே இறக்குங்கள், அதுவும் பூச்செடிக்குள் எடுத்திருந்தால் முடி ஓரத்தில் அது செய்கிற வெட்டுக்கள் குறையும்.

கடைசியாக, காசு போடுகிற கேள்வி. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும், வீட்டு விசேஷம், முகம், குழந்தை எல்லாம் எடுக்க வேண்டும், மாதம் ஒருமுறை அவுட்டோர் என்றால் 85 எஃப் 1.8. அரைக் கிலோவுக்கும் குறைவு, விலையும் கைக்கு அடங்கும், எஃப் 5.6, எஃப் 8 என்று ஓர் எண் இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும். வேலையே அவுட்டோர்தான், அதுவும் மலைப் பக்கம் என்றால் 70-200. இதில் எஃப் 2.8 வாங்கிவிட வேண்டும் என்று பலர் கடன் வாங்கவும் தயாராகிறார்கள். இடம் தெரிய எடுக்கிற படத்துக்கு நாம் எஃப் 5.6க்கும் எஃப் 11க்கும் நடுவில்தான் இருக்கப்போகிறோம், எஃப் 4 லென்ஸ் தாராளமாகப் போதும், எடையும் நன்றாகவே குறைவு, அரை நாள் வரப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். மண்டபத்துக்குள் இருட்டில் எடுக்கிறவர்களுக்கு மட்டும் எஃப் 2.8. வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 35ஐத் தனியாக வாங்க வேண்டியதில்லை, கேமராவோடு வருகிற கிட் லென்ஸே எஃப் 8இல் அந்த வேலையை நன்றாகச் செய்யும். க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா என்றால் மேலே சொன்ன எம்எம் எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள், 85க்குப் பதில் 56, 200க்குப் பதில் 135 என்று வரும்.

போன ஆடியில் அதே சுந்தரபாண்டியபுரத்துக்கு வேறொரு ஜோடியோடு போனேன். தோட்டக்காரரிடம் கேட்டு, செடி மிதிபடாத வரப்பாகப் பார்த்து அவர்களை நிறுத்திவிட்டு, 70-200ஐ 180இல் வைத்து, எஃப் 8இல், பதின்மூன்று எட்டுப் பின்னால் போய் நின்றேன். மேகம் மலையின் பாதியை மறைத்திருந்தது. அது விலக இருபது நிமிடம் ஆனது, அந்த இருபது நிமிடத்தில் 85ஐப் போட்டு முகங்களை எடுத்தேன், எஃப் 1.8இலேயே, மலைதான் இல்லையே. மேகம் விலகியதும் லென்ஸை மாற்றி ஒன்பது படம் எடுத்தேன். அந்த ஒன்பதில் ஒன்றுதான் ஆல்பத்தின் அட்டை.